அகல்கோண வில்லை: வாங்குமுன் ஒரு கணக்கு

தலைநகரில் பயிலும் நம்மில் பலருக்கு நான்கு நாள் விடுமுறையில் ஊருக்குச் சென்று மீள்வது எளிதன்று. பாதி நாட்கள் இரயிலிலேயே கழிந்துவிடும். ஆகவே இமயமலைப் பக்கம் புறப்படுகிறோம். காமிராவும் உடன் வருகிறது. திரும்பியதும் எழும் முறையீடு ஒன்றே: “காட்சி முழுவதும் படத்தில் அடங்கவில்லை. குறைந்த செலவில் எந்த அகல்கோண வில்லையை வாங்கலாம்?”

சென்ற ஆண்டு நானும் இதே கேள்வியைக் கேட்டேன். உதவித்தொகையில் ஓராண்டாக மிச்சம் பிடித்த பணம் அனைத்தையும் விலை மிகுந்த ஒரு லென்சுக்குக் கொடுத்துவிடவும் துணிந்தேன். கொடுப்பதற்கு முன் நண்பர் ஒருவரின் வில்லையை இரவல் பெற்று மலைக்குச் சென்றது நல்லதாயிற்று. அப்பயணத்திலும், அதன் பின்னர்ப் போட்ட கணக்கிலும் கற்றவற்றை இங்கே கூறுகிறேன்.

கோணக் கணக்கு

வில்லை தரும் பார்வைக் கோணம் இரண்டைப் பொறுத்தது: ஒன்று வில்லையின் குவியத் தூரம், மற்றொன்று காமிராவினுள் படம் விழும் ஒளியுணர் தகட்டின் அகலம். மாணவர் பலர் வைத்திருக்கும் நிக்கான் டி.எக்ஸ். வகைக் காமிராக்களில் இவ்வகலம் ஏறத்தாழ 23.5 மி.மீ. கானன் காமிராக்களில் இதனினும் சற்றுக் குறைவு. தகட்டு அகலத்தின் பாதியைக் குவியத் தூரத்தால் வகுத்து, வரும் எண்ணை டேன்ஜென்டாகக் கொண்ட கோணத்தை இரட்டித்தால் பார்வைக் கோணம் கிடைக்கும்.

காமிராவோடு சேர்ந்து வரும் 18-55 மி.மீ. வில்லையை எடுத்துக்கொள்வோம். 55இல் அதன் கோணம் 24 பாகை. 18இல் 66 பாகை. 16 மி.மீ. வில்லை 73 பாகையும், 12 மி.மீ. வில்லை 89 பாகையும், 10 மி.மீ. வில்லை 99 பாகையும் காட்டும்.

இவ்வெண்களிலிருந்து இரண்டு உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, 18இலிருந்து 16க்கு மாறுவதால் கிடைப்பது 7 பாகையே. 10க்குச் சென்றாலோ 33 பாகை மிகும். சிறு ஏற்றத்திற்குப் பெருந்தொகை செலவிடுவது வீண். இரண்டாவது, பழைய பிலிம் காமிராக்களுக்கென்று செய்யப்பட்ட 24 மி.மீ. வில்லைகள் சாந்தினி சௌக் போன்ற இடங்களில் மலிவாகக் கிடைப்பதுண்டு. 36 மி.மீ. அகலமுள்ள பிலிமில் அது 74 பாகை காட்டிய அகல்கோண வில்லைதான். நம் சிறிய தகட்டிலோ 52 பாகையே காட்டும். கையிலுள்ள பழைய வில்லையைக் காட்டிலும் குறுகியதாகிவிடும். மலிவு என்று வாங்கி ஏமாறுதல் கூடாது.

துவாரக் கணக்கு

நான் வாங்கத் துணிந்தது எஃப் 2.8 துவாரமுள்ள வில்லை. அதைவிட மிகக் குறைந்த விலையில் எஃப் 4.5 துவாரமுள்ள வில்லைகள் உண்டு. முன்னது பின்னதைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு ஒளியை உள்ளே விடும். நாம் பெரும்பாலும் மிகுதியாக விலை கொடுப்பது இவ்வொளிக்கே, கோணத்திற்கு அன்று.

ஆனால் இயற்கைக் காட்சிகளுக்கு இப்பெருந்துவாரம் பெரும்பாலும் பயன்படுவதில்லை. காலடியிலுள்ள கூழாங்கல்லும் தொலைவிலுள்ள சிகரமும் ஒருங்கே தெளிவாக விழவேண்டுமானால் துவாரத்தைச் சுருக்கியே தீரவேண்டும். 10 மி.மீ. வில்லையில் எஃப் 8 வைத்து, 64 செ.மீ. தொலைவில் குவித்தால், 32 செ.மீ. முதல் அடிவானம் வரை எல்லாம் போதிய தெளிவுடன் விழும். 1932இல் அன்சல் ஆடம்ஸ் முதலியோர் கூடித் தங்கள் குழுவுக்கு ‘எஃப் 64’ என்றே பெயரிட்டனர். சிறு துவாரத்தின் தெளிவை அவர்கள் அவ்வளவு மதித்தனர். அவர்களுடையது பெரிய தகடு. நம் சிறு தகட்டில் எஃப் 16க்கு அப்பால் சென்றால் ஒளியின் விளிம்பு விளைவால் கூர்மை மங்கும். எஃப் 8, எஃப் 11 நமக்குப் போதும்.

ஒளி குறைந்தால் என் செய்வது? முக்காலியில் காமிராவை நிறுத்தி, இரண்டரை மடங்கு நேரம் திறந்து வைக்கலாம். மலை எங்கும் ஓடிவிடாது! இரவில் விண்மீன்களைப் படம் பிடிப்போருக்கு மட்டும் இவ்வாதம் பொருந்தாது. விண்மீன்கள் நகர்வதால் நெடுநேரம் திறந்து வைத்தால் அவை கோடாகிவிடும். அவர்களுக்கு எஃப் 2.8 தேவையே.

எடையையும் எண்ணிப் பார்க்கவேண்டும். 2014இல் வெளிவந்த கானன் 10-18 வில்லை 240 கிராம். 2017இல் வெளிவந்த நிக்கான் 10-20 வில்லை 230 கிராம். டோக்கினா 11-16 எஃப் 2.8 வில்லையோ 560 கிராம். மலை ஏறுபவரின் தோள் இவ்வேறுபாட்டை நன்கறியும்.

தேவரியா தாலில் கற்றது

இரவல் வில்லையுடன் உத்தராகண்டத்தில் சாரி என்னும் சிற்றூரிலிருந்து தேவரியா தால் ஏரிக்கு ஏறினேன். விடியலில் 7,138 மீட்டர் உயரமுள்ள சௌகம்பா சிகரம் ஏரி நீரில் தலைகீழாய்த் தெரிந்தது. பத்து மில்லிமீட்டரில் வைத்து ஆவலோடு எடுத்தேன். படத்தைப் பார்த்தபோது திடுக்கிட்டேன். கண்ணை நிறைத்த சிகரம், படத்தில் அரிசிப் பருக்கைகளை அடுக்கியதுபோல் சிறுத்துக் கிடந்தது!

காரணம் எளிது. தொலைப் பொருளின் உருவ அளவு குவியத் தூரத்திற்கு நேர்விகிதத்தில் அமையும். 55இல் தோன்றும் சிகரம் 10இல் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே தோன்றும். பிறகு கரையோரம் மண்டியிட்டு, ஒரு முழ தூரத்தில் இருந்த பாசி படர்ந்த கல்லை முன்னே வைத்து எடுத்தேன். கல்லும் நீரும் மலையும் ஒன்றையொன்று தொடர்ந்து ஒரு காட்சியாயின. அப்போதுதான் உணர்ந்தேன்: அகல்கோண வில்லை, தொலைவில் நின்று எல்லாவற்றையும் வாரிக்கொள்ளும் கருவி அன்று, அருகில் சென்று பார்ப்பவனுக்கு உரிய கருவி.

வாங்குமுன் செய்யவேண்டியவை

ஒன்று: உங்கள் பழைய படங்களைக் கணினியில் திறந்து பாருங்கள். ஒவ்வொன்றின் குவியத் தூரமும் அதிலேயே பதிவாகியிருக்கும். உங்களுக்குப் பிடித்த படங்களில் பெரும்பாலானவை 18இல் எடுத்தவையா? ஆம் எனில் அகல்கோண வில்லை உங்களுக்குப் பயன்படும். 40, 55 என்று இருப்பின் பணத்தைக் காத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு: காமிராவை நெட்டாகப் பிடித்து, மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு நான்கைந்து படங்கள் எடுத்து, ‘ஹியூஜின்’ என்னும் இலவச மென்பொருளால் இணைத்துப் பாருங்கள். அலையும் காற்றில் ஆடும் கிளையும் மிக அருகிலுள்ள பொருளும் இல்லாத காட்சிகளுக்கு இதுவே போதும்; செலவும் இல்லை.

மூன்று: பழைய வில்லை வாங்கினால் உங்கள் காமிராவையே கடைக்கு எடுத்துச் சென்று பொருத்திப் பாருங்கள். மேற்சொன்ன நிக்கான் 10-20 பழைய நிக்கான் காமிராக்கள் பலவற்றில் குவியாது. செங்கற்சுவர் ஒன்றைப் படமெடுத்து, நான்கு மூலைகளும் ஒரே அளவு தெளிவாக உள்ளனவா என்றும் காணுங்கள்.

இறுதியில் நான் பிறர் பயன்படுத்திய எஃப் 4.5 வில்லை ஒன்றையே வாங்கினேன். மிஞ்சிய பணத்தில் உறுதியான முக்காலி ஒன்று வாங்க முடிந்தது. அடுத்த பயணத்தின் பேருந்துக் கட்டணத்திற்கும் சிறிது எஞ்சியது. கோணத்திற்கு விலை கொடுங்கள்; தேவையில்லாத துவாரத்திற்குக் கொடாதீர்கள். மிச்சத்தை மலைக்குச் செல்லும் வழிச்செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.