உப்பும் சர்க்கரையும் உயிர் காக்கும்

பாப்பிரெட்டிப்பட்டி வட்டார சகோதரிகளே! மாங்காயில் உப்பு போட்டால் தண்ணி விடுது இல்லையா? உப்பு அதிகமுள்ள பக்கம் தண்ணீர் போகும். குடலிலும் அப்படித்தான். சர்க்கரை துணையோடு உப்பு குடல் செல்லுக்குள் நுழையும். பின்னாடியே தண்ணீரும் போகும். 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இந்தக் கரைசலால் பலரைக் காப்பாற்றினார்.

வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்குத் தண்ணி கொடுக்காம விடாதீங்க. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இல்லையா?

* கொதித்து ஆறிய தண்ணீர் 1 லிட்டர்
* சர்க்கரை, தலை தட்டி 6 டீஸ்பூன்
* உப்பு, தலை தட்டி அரை டீஸ்பூன்

உப்பு கூடினால் ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி கொடுங்க. தாய்ப்பாலை நிறுத்தாதீங்க. கண் குழி விழுந்தாலோ, குழந்தை துவண்டாலோ உடனே அரசு மருத்துவமனைக்குத் தூக்கிட்டுப் போங்க.