பழைய இரும்பிலும் ஆபத்து உண்டு!



1987-ல் பிரேசில் நாட்டின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட மருத்துவக் கருவி ஒன்று பழைய இரும்புக் கடைக்குப் போனது. உள்ளே நீலமாக ஒளிர்ந்த பொடியை அழகென்று வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அது சீசியம் என்ற கதிர்வீச்சுப் பொருள். ஆறு வயதுச் சிறுமி உட்பட 4 பேர் இறந்தார்கள். 2010-ல் டெல்லி மாயாபுரியிலும் இப்படி ஓர் உயிர் போனது.

மஞ்சளில் மூன்று இறக்கை விசிறிக் குறியோ, அளவுக்கு மீறிக் கனக்கும் உலோகப் பெட்டியோ கண்டால்:

● தொடாதீங்க, உடைக்காதீங்க, புதைக்காதீங்க.
● பிள்ளைகளோடு 30 மீட்டர் தள்ளிப் போயிடுங்க. 112-க்குச் சொல்லுங்க.
● தொட்டுவிட்டால் உடுப்பைக் கழற்றி, பையில் கட்டித் தனியே வையுங்க. சோப்புப் போட்டுக் குளிங்க. அதற்குமுன் சாப்பிடாதீங்க, குழந்தையைத் தூக்காதீங்க.
● கர்ப்பிணியானால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்க.

காசுக்கு ஆசைப்பட்டுக் குடும்பத்தை இழக்கலாமா?