குழந்தை வாழும் வீடு: இல்ல அலங்காரமும் இளமைக் கல்வியும்

இல்லத்தை அழகு செய்வது பெரியோரின் விருப்பத்தைப் பொறுத்தது என்றே பலரும் கருதுகின்றோம். விருந்தினர் வந்தால் எது கண்ணிற்படும் என்று எண்ணியே படங்களை மாட்டுகின்றோம்; நாற்காலிகளை இடுகின்றோம். அவ்வீட்டில் நாள் முழுதும் தவழ்ந்தும் நடந்தும் வாழ்கின்ற குழந்தையின் கண்ணுக்கு எது படுகின்றது என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. முப்பத்தைந்து ஆண்டுகள் தொடக்கப் பள்ளிகளில் பணி செய்து ஓய்வு பெற்ற நாம், இப்பொருளைப் பற்றிச் சிறிது எழுத விழைகின்றோம். நம் படிப்பினின்று எழுதுவதைக் காட்டிலும் நாம் செய்த பிழையினின்று எழுதுவதே மிகுதி.

வெள்ளம் கேட்ட வினா

வந்தவாசிப் பக்கத்திலிருந்து ஆசிரியப் பணியின் பொருட்டுத் திருநெல்வேலிக்கு வந்து, தாமிரபரணிக் கரையிலேயே நிலைத்துவிட்ட குடும்பம் நம்முடையது. பேரப்பிள்ளைகள் நம்மை ‘ஆச்சி’ என்றே அழைக்கின்றனர். அச்சொல் அண்டை வீடுகளிலிருந்து வந்து நம் வீட்டிலும் குடியேறியது. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தென் மாவட்டங்களில் பெய்த பெருமழையை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். பொதிகையில் தோன்றி, ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் தாமிரபரணி, அந்நாளில் நம் வீட்டிற்குள்ளும் முழங்காலளவு வந்து நின்றது.

நீர் வடிந்தபின், வீதியெங்கும் மெத்தைகளும் மர அலமாரிகளும் குவிந்து கிடந்தன. நம் வீட்டிலிருந்தும் இரண்டு வண்டிப் பொருள்கள் வெளியேறின. அவற்றுள் பாதி, ஆண்டுக்கு ஒருமுறைகூடத் தொடாதவை. மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதத்தைப் பிறர்க்கு எடுத்துரைத்து வந்த நம் வீட்டில் அவ்வளவு இருந்ததைக் கண்டு நாணினோம். இனி எவற்றை மீண்டும் உள்ளே கொணர்வது? ஆறு வயதுப் பேத்தியும் இரண்டு வயதுப் பேரனும் வளரும் வீட்டிற்கு எவை வேண்டும்? இவ்வினாவே இப்பாடத்தின் தொடக்கம்.

முதற் பாடம்: சுவர்

வெள்ளம் வடிந்த சுவர்களில் வண்ணப்பூச்சு செதில் செதிலாகப் பெயர்ந்தது. பேரன் ஒரு செதிலை எடுத்து வாயிலிட்டுக்கொண்டான். மருமகள் பதறி அதனை எடுத்தெறிந்தாள். அவள் பதறியது முறையே. பழைய எண்ணெய் வண்ணங்களில் ஈயம் கலந்திருப்பதுண்டு. உடலினுட்சென்ற ஈயத்தைப் பெரியோரைவிடச் சிறு குழந்தைகளின் உடல் நான்கு, ஐந்து மடங்கு மிகுதியாக ஈர்த்துக்கொள்ளும் என்றும், மூளை வளர்ச்சியைக் கெடுக்காத அளவு என்று ஒன்றில்லை என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகின்றது. நம் நாட்டில் வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்கிற்கு மேற்படலாகாது என்னும் விதி, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசப்பெற்ற கதவு, சன்னல், தொட்டில் ஆகியவற்றை ஐயத்துடனேயே காண வேண்டும். அவற்றை உலர்ந்த நிலையில் சுரண்டுதல் கூடாது. தூசி வீடெங்கும் பரவும். குழந்தைகளை வேறிடத்திற்கு அனுப்பிவிட்டு, நனைத்துச் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்தெடுத்தல் வேண்டும்.

மகன் பளபளக்கும் ஒட்டுத்தாளைச் சுவரெங்கும் ஒட்ட விரும்பினான். ஈரம் ஊறிய சுவரை அவ்வாறு மூடினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். சுண்ணாம்பு வெள்ளையோ ஈரம் வெளியேற இடங்கொடுக்கும். சுண்ணாம்பு நீற்றும்போது கொதிக்கும், கண்ணிற்பட்டால் பெருந்தீங்கு. ஆதலின் பூசி உலரும்வரை குழந்தைகளை அணுகவிடலாகாது. கிளிஞ்சலைச் சுட்ட சுண்ணாம்பா, கல்லைச் சுட்ட சுண்ணாம்பா என்று கடைக்காரரிடம் கேட்டுக் கற்சுண்ணாம்பையே வாங்கினோம்.

இரண்டாம் பாடம்: தரை

குழந்தையின் உலகம் தரையே. ரோமாபுரியில் 1907-ஆம் ஆண்டு குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மையார், 1939-இல் சென்னை அடையாற்றிற்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். குழந்தை தானே எடுத்துத் தானே வைக்கும் உயரத்தில் பொருள்கள் இருத்தல் வேண்டும் என்பதும், ஒரு பாயை விரித்து அதன் எல்லைக்குள் வேலை செய்யப் பழக்க வேண்டும் என்பதும் அவர் முறையின் கூறுகள். பயிற்சிப் பள்ளியில் இதனைப் படித்தபோது நாம் வியந்தோம். பின்னர் பத்தமடைக்குச் சென்றபோது அவ்வியப்பு வேறாயிற்று. பாயும் நம்மிடமே இருக்கின்றது. அதன் மீது அமரும் வழக்கமும் நம்மிடமே இருக்கின்றது.

பத்தமடைப் பாய் ஆற்றங்கரைக் கோரையால் ஆவது. பசுங்கோரையை மெல்லியதாகக் கீறி, உலர்த்தி, ஓடும் நீரில் ஊறவைத்து, மீண்டும் உலர்த்திப் பருத்தி நூற்பாவில் நெய்கின்றனர். முசுலிம் பெண்மணிகள் பலர் தலைமுறை தலைமுறையாக இத்தொழிலைப் போற்றி வருகின்றனர். மணமக்கள் பெயரைப் பாயிலேயே நெய்து தருவதும் உண்டு. மிக நுண்ணிய பாய் விலை மிக்கது. குழந்தைக்கு அது வேண்டுவதில்லை. சாதாரணக் கோரைப்பாய் இரண்டு போதும். வாங்கும்போது பட்டு நூல் கலவாத பருத்திப் பாவா என்று கேட்டு வாங்குதல் நம்மவர்க்கு நன்று.

பேத்திக்கு ஒரு பாய், பேரனுக்கு ஒரு பாய் என்று கொடுத்தோம். விளையாடி முடித்தபின் உதறிச் சுருட்டி மூலையில் நிறுத்துவது அவரவர் கடமை. உதறுமுன் எறும்பு உள்ளதா என்று பார்த்து, மென்மையான பூந்துடைப்பத்தால் அதனை ஒதுக்கி விடவும் கற்பித்தோம். இரண்டு வயதுப் பிள்ளைக்கு உயிர்க்கருணையை உரையாற்றிப் புகட்ட இயலாது. துடைப்பத்தைக் கையிற் கொடுத்துப் பழக்க இயலும்.

மூன்றாம் பாடம்: ஒளி

வண்ண மின்விளக்குச் சரங்களைக் கூடத்தில் தொங்கவிடுவது இக்கால வழக்கம். கோடையிலும் மழைக்குப் பின்னும் விட்டில்கள் அவற்றைச் சுற்றி மடிகின்றன. சன்னலுக்கு அருகில் விளக்கை வையாதிருத்தலும், வேண்டாத நேரத்தில் அணைத்தலும் எளிய காப்புகள். நம் ஊரில் ஆண்டு முழுதும் கதிரவன் மறைவது மாலை 5.50-க்கும் 6.45-க்கும் இடைப்பட்ட நேரமே. இரவுண்ணாமையைக் கடைப்பிடிக்கும் வீட்டில் உணவருந்தும் இடத்தை மேற்குச் சன்னலருகே மாற்றினால், கடைசி வெளிச்சமும் பயன்படும். நாம் அவ்வாறு மாற்றினோம். “வெளிச்சம் போகுது, சாப்பிட வாங்க ஆச்சி” என்று பேத்தியே இப்போது அழைக்கின்றாள். கடிகாரம் பார்க்க அவள் இன்னும் முழுதும் கற்கவில்லை. சுவரில் ஏறும் வெயிலைப் பார்க்கக் கற்றுவிட்டாள்.

நான்காம் பாடம்: சொப்பு

இனி நாம் செய்த பிழையைக் கூறுவோம். அம்பாசமுத்திரத்தின் மரச் சொப்புகள் புகழ் பெற்றவை. மஞ்சள் கடம்பு முதலிய மரத்தைக் கடைந்து, அடுப்பு, பானை, உரல், திருகை என்று சிறு சிறு பாத்திரங்களாக்கி, சுழலும் மரத்தின் மீது வண்ண அரக்குக் கட்டியை அழுத்துவர். உராய்வின் வெப்பத்தால் அரக்கு உருகிப் படியும். 1986-இல் நான்கு வயது நிரம்பிய எம் மகனுக்கு அத்தகைய சொப்புப் பெட்டி ஒன்றை வாங்கினோம். அவன் அதனுடனேயே உறங்கினான்.

சில மாதங்கள் சென்றபின், அரக்கு என்பது பூச்சியின் பொருள் என்பதை ஒரு நூலில் படித்தோம். அரக்குப் பூச்சிகள் மரக்கிளைகளில் ஒட்டி, தம்மைச் சுற்றிப் பிசினைச் சுரக்கின்றன. அக்கிளைகளை வெட்டிச் சுரண்டும்போது எண்ணற்ற உயிர்கள் மடிகின்றன. நாம் கலங்கினோம். அன்றிரவே, மகன் உறங்கும்போது, பெட்டியை எடுத்து வெளியே கொடுத்துவிட்டோம். காலையில் அவன் தேடினான். “எறும்பு கொண்டு போய்விட்டது” என்றோம்.

ஒரு விரதத்தைக் காப்பதாக எண்ணி, பொய்யாமை என்னும் மற்றொன்றை உடைத்தோம். பிள்ளையின் உடைமையை அவன் அறியாமல் எடுத்தமையால் கள்ளாமையும் குறைபட்டது. அதற்குப்பின் பல நாள் அவன் எறும்பைக் கண்டால் மிதித்தான். காரணம் நமக்கு அப்போது விளங்கவில்லை. வகுப்பில் நாற்பது பிள்ளைகளின் மனத்தை அறிந்ததாகப் பெயர் பெற்ற ஆசிரியைக்கு, தம் மகன் மனம் விளங்கவில்லை.

வெள்ளத்தன்று பேத்தி தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடியது அவளுடைய சொப்புப் பெட்டியையே. உறவினர் ஒருவர் பரிசளித்த அரக்குச் சொப்பு அது. அதனைக் கண்டு நாம் ஏதோ சொல்ல வாயெடுத்தோம். மகன் மெல்ல, “அம்மா, இந்த முறை அவளையும் கேட்டுச் செய்வோம்” என்றான். முப்பத்தேழு ஆண்டுகளாக அவன் அதனை மறந்திலன்.

ஆதலின் பேத்தியை அருகில் அமர்த்தி, அரக்கு எங்கிருந்து வருகின்றது என்பதை உள்ளபடி கூறினோம். அவள் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “இதைத் தூக்கிப் போட்டா அந்தப் பூச்சி திரும்பி வருமா?” என்று கேட்டாள். வாராது என்றோம். “அப்போ இது இருக்கட்டும். புதுசு வாங்க வேண்டாம்” என்றாள். பள்ளியில் நாம் நடத்திய எப்பாடத்திலும் இத்தனை தெளிந்த விடையை நாம் பெற்றதில்லை.

அடுத்த மாதம் அம்பாசமுத்திரம் சென்று, கடைசல் தொழிலாளர் ஒருவரிடம் அரக்குப் பூசாத சொப்பு கேட்டோம். “வண்ணம் இல்லாம பிள்ளைகளுக்குப் பிடிக்குமா டீச்சரம்மா?” என்று ஐயுற்றவர், வழவழப்பாகத் தேய்த்துக் கொடுத்தார். மஞ்சளைக் கரைத்தும், வர்த்தங்கிக் கட்டையைக் கொதிக்கவைத்த சிவந்த நீரைக் கொண்டும் பேத்தி தானே வண்ணம் தீட்டினாள். மஞ்சள் வெயிலில் மங்கும். மங்கினால் மீண்டும் தீட்டலாம் என்பதே அவளுக்கு மகிழ்ச்சி. காருக்குறிச்சி மண் சட்டிகளும், பனையோலைக் கிலுகிலுப்பையும் உடன் சேர்ந்தன. கடைசல் தொழிலாளியின் பிழைப்பும் நம் கருத்தில் இருத்தல் வேண்டும். அவரைப் புறக்கணிப்பதைவிட, நமக்கேற்றதைச் செய்து தருமாறு கேட்டு உரிய விலை கொடுப்பதே முறை.

ஐந்தாம் பாடம்: வெற்றிடம்

பாளையங்கோட்டைக்கு அண்மையில் மறுகால்தலை என்னும் ஊரின் குன்றில், தமிழிப் பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டு உள்ளது. வேணகாசிபன் என்பவர் துறவியர்க்குக் கற்படுக்கை அமைத்துக் கொடுத்ததை அது கூறுகின்றது. ஈராயிரம் ஆண்டுகட்கு முன் இப்பள்ளத்தாக்கில் ஒருவர் ஈந்த தட்டுமுட்டுப் பொருள் ஒரு படுக்கை, அதுவும் கல். இல்லறத்தார் கல்லில் உறங்க வேண்டுவதில்லை. ஆயினும் வீட்டில் ஒரு மூலையேனும் வெறுமையாக இருக்கட்டும். குழந்தை ஓடவும், உருளவும், எதுவும் செய்யாமல் அமரவும் அவ்விடம் வேண்டும்.

விளையாட்டுப் பொருள்களில் ஐந்தினை மட்டும் தாழ்ந்த பலகையில் வைத்து, எஞ்சியவற்றைப் பெட்டியிலிட்டு, மாதந்தோறும் மாற்றுகின்றோம். மாற்றுவது எது என்பதைப் பிள்ளைகளே தேர்கின்றனர். படங்களைத் தரையில் அமர்ந்து பார்த்து, குழந்தையின் கண்ணுக்கு நேராக மாட்டினோம். கழுகுமலைப் பாறையில் செதுக்கிய அம்பிகையின் நிழற்படம் ஒன்று அங்குள்ளது. சிங்கமும் பிள்ளைகளும் உடனிருக்கும் தாய் வடிவம் அது. அம்மலையின் கல்வெட்டுகளில் குரத்தியர் என்னும் பெண் ஆசிரியர்களின் பெயர்களும் பொறிக்கப்பெற்றுள்ளன. “ஆச்சியும் குரத்தியா?” என்று பேத்தி கேட்டாள். இல்லை என்றோம், அத்தகுதி நமக்கில்லை என்பதற்கு மேற்சொன்ன சொப்புப் பெட்டியே சான்று.

ஆதிநாதர் தம் மகளிர் பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தார் என்பது நம் மரபு. நம் வாயிலில் பேத்தி அரிசி மாவால் புள்ளி வைத்து எண்ணுகின்றாள், பேரன் அதனைக் கலைக்கின்றான், எறும்புகள் உண்கின்றன. மூவரையும் நாம் தடுப்பதில்லை.

வீட்டில் செய்து பார்க்க

1. பெற்றோர் ஒருநாள் கூடத்தில் கால் மணி நேரம் தரையில் அமர்ந்து, குழந்தையின் கண்ணுக்குப் படுவனவற்றை எழுதுக.

2. வீட்டிலுள்ள அழகுப் பொருள்கள் ஐந்தினை எடுத்து, அவை எவ்வுயிரிடமிருந்து அல்லது எம்மண்ணிலிருந்து வந்தன என்று பிள்ளைகளுடன் கூடி ஆராய்க. பட்டு, முத்து, சங்கு, அரக்கு ஆகியவற்றை மறவாது சேர்க்க.

3. பிள்ளையின் பொருள் ஒன்றை நீக்க எண்ணினால், நீக்குமுன் அப்பிள்ளைக்குக் காரணம் கூறுக. அவன் விடையைக் கேட்டபின்னரே முடிவு செய்க.

மூன்றாவது பயிற்சியே மிகக் கடினமானது. நாம் அதனைச் செய்து முடிக்க முப்பத்தேழு ஆண்டுகள் ஆயின. படிக்கும் இளந்தாய்மார் அத்தனை நாள் தாழ்த்தாதிருப்பாராக.