காஞ்சிப் பட்டும் கூகுள் முதல் பக்கமும்: சின்னக் கடைகளுக்கு ஒரு பாடம்

வடக்குப்பட்டு, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்னு நம்மைச் சுத்தி எங்க பார்த்தாலும் தொழிற்சாலைதான். ஆனா நம்ம மாவட்டத்தின் பேரை முதலில் ஊர் ஊராகக் கொண்டு போனது கார் இல்லை, பட்டுப்புடவை. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. இருந்தும் "காஞ்சிபுரம் பட்டுப்புடவை" என்று தேடினால் முன்னால் வந்து நிற்பவை பெரும்பாலும் விளம்பரங்களும் பெரிய தளங்களும்தான். வீட்டில் தறி வைத்திருக்கிற குடும்பம் ஒரு தளம் தொடங்கினால் அது எங்கோ பின்னால் கிடக்கும். விசைத்தறிப் புடவையும் அதே பேரில் விற்கப்படுகிற சந்தை இது. தேடலில் காணாமல் போனால், போவது நெசவாளரின் கூலி.

சரி, சின்னக் கடை என்னதான் பண்ண முடியும்? படிப்படியாகப் பார்ப்போம்.

தேடுபொறி எப்படி வேலை செய்கிறது?

மூன்று வேலைகள். முதலில் ஒரு நிரல் இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் போய்ப் படிக்கும். அடுத்து, படித்ததை அட்டவணையில் சேர்க்கும். கடைசியில், ஒருவர் தேடும்போது அந்த அட்டவணையிலிருந்து பொருத்தமானதை வரிசைப்படுத்தும். 1998ல் லாரி பேஜும் செர்கே பிரின்னும் கொண்டுவந்த யோசனை இந்த வரிசைக்கு அடிப்படை: மற்ற தளங்கள் உங்களுக்குத் தரும் இணைப்பு ஒரு ஓட்டு மாதிரி. முக்கியமான தளம் போடும் ஓட்டுக்கு மதிப்பு அதிகம். பெரிய கடைக்கு ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் ஓட்டு இருப்பதால்தான் சின்னக் கடை பின்னால் நிற்கிறது.

களம் சமமானதா?

முழுசா இல்லை. சென்னையைச் சேர்ந்த மேட்ரிமோனி டாட் காம் நிறுவனமும் ஒரு நுகர்வோர் அமைப்பும் 2012ல் கொடுத்த புகார்களை விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம், தேடலில் பாரபட்சம் காட்டியதாக 2018 பிப்ரவரியில் கூகுளுக்கு சுமார் 136 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பொருள் விலை ஒப்பீட்டில் தன் சேவையை முன்னால் வைத்ததற்காக ஐரோப்பிய ஆணையம் 2017ல் 242 கோடி யூரோ அபராதம் போட்டது. அதை 2024ல் ஐரோப்பிய நீதிமன்றமும் உறுதி செய்தது. வழக்கு முடிய வருஷக்கணக்காகும். கடைக்காரர் அதுவரை காத்திருக்க முடியாது. அதனால் தன் கையில் இருப்பதை வைத்துத்தான் ஆடணும்.

1. பெரிய சொல்லை விடு, நீளச் சொல்லைப் பிடி

நம்ம பக்கத்துச் சின்னப் பட்டறை கார் செய்யப் போட்டியிடாது. ஒரே ஒரு உதிரிபாகத்தை அளவு பிசகாமல் செய்து கொடுக்கும். தேடலிலும் அதே கணக்குதான். "பட்டுப்புடவை" என்ற சொல்லில் மோதாதீங்க. "மயில்கண் கரை வைத்த கோர்வைப் பட்டு", "ரெட்டைப்பேட்டுக் கரை, மாம்பழ மஞ்சள்" போன்றவற்றைத் தேடுபவர்கள் குறைவு. ஆனா தேடுபவர் வாங்கும் முடிவோடு வருகிறார். அந்த இடத்தில் போட்டியும் குறைவு. இந்தச் சொற்களெல்லாம் நெசவாளர் வீட்டில் தினமும் புழங்குபவை. பெரிய தளத்தில் விவரம் எழுதுபவருக்கு அவை பெரும்பாலும் தெரியாது.

2. உங்களுக்கு மட்டும் தெரிந்ததை எழுது

மொத்த வியாபாரி கொடுத்த அதே நாலு வரியைப் பத்துக் கடை ஒட்டினால், கூகுள் அதில் ஒன்றிரண்டைத்தான் காட்டும். கோர்வை என்றால் உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில், தனித்தனி நாடா ஓட்டி, நெய்யும்போதே கோர்ப்பது. இதை உங்க தறியின் படத்தோடு விளக்குங்க. எடை, ஜரிகையின் தரம், நெய்ய ஆன நாள், சில்க் மார்க் முத்திரை உண்டா என்று எல்லாம் எழுத்தாக இருக்கட்டும். படத்துக்குள் மட்டும் எழுதி வைத்த விலையை நம்பி இருக்காதீங்க. தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனிப் பக்கம் வைத்தால் இரண்டு வகை வாடிக்கையாளரும் வந்து சேருவாங்க.

3. இயந்திரத்துக்கும் புரிய வை

இது நம்ம மாதிரி பொறியியல் மாணவர்கள் செய்ய வேண்டிய பகுதி. விலை, இருப்பு, நிறம் இதையெல்லாம் ஸ்கீமா முறையில் குறித்தால் தேடல் முடிவிலேயே விலை தெரிய வாய்ப்பு உண்டு. சைட்மேப் கொடுங்க. சர்ச் கன்சோலில் தளத்தைச் சேர்த்தால் எந்தச் சொல்லுக்கு வருகிறோம், எந்தப் பக்கம் அட்டவணையில் ஏறவில்லை என்று இலவசமாகத் தெரியும். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிவது நல்லது என்கிறது கூகுள். கேமராவில் எடுத்த 5 எம்பி படத்தை அப்படியே ஏற்றினால் அது நடக்காது, சுருக்கி ஏற்றுங்க.

4. இலவச இடங்களை விடாதே

மெர்ச்சன்ட் சென்டரில் பொருள்களைப் பதிந்தால் ஷாப்பிங் பகுதியில் காசில்லாமலும் காட்டும். இந்த வசதி 2020ல் வந்தது. வாடிக்கையாளர் நேரில் வரக்கூடிய கடை என்றால் மேப்பில் வணிகப் பக்கம் திறக்கலாம். அங்கே பொருத்தம், தூரம், பெயர் இந்த மூன்றும்தான் கணக்கு. தூரம் என்ற ஒன்றில் பெரிய நிறுவனத்தை விடப் பக்கத்துக் கடைக்குச் சாதகம் உண்டு. முழுக்க ஆன்லைன் கடைக்கு இந்த வணிகப் பக்கம் கிடையாது என்பதையும் கவனிங்க. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் மட்டும் போதும் என்று நினைப்பவர்களுக்கு: அது 24 மணி நேரத்தில் மறைஞ்சிடும், கூகுள் தேடலில் வராது.

5. "முதல் பக்கம் கேரண்டி"க்கு ஏமாறாதே

முதலிடத்தை யாராலும் உறுதி தர முடியாது என்று கூகுளே சொல்கிறது. காசு கொடுத்து இணைப்பு வாங்குவது விதிமீறல். 2012ல் வந்த பென்குயின் மாற்றத்தில் இப்படி வாங்கிய தளங்கள் சரிந்தன. நேர்மையான ஓட்டு மெதுவாகத்தான் வரும். கல்யாணப் புகைப்படக்காரர், தையல் வகுப்பு நடத்துபவர், கைத்தறி பற்றி எழுதுபவர் ஆகியோரின் தளங்களிலிருந்து வரும் நாலு இணைப்பு, விலைக்கு வாங்கிய நானூறை விட மேல்.

பலன் ஒரே வாரத்தில் தெரியாது, மாசக்கணக்கில் ஆகும். அதனால் இந்த வார இறுதியில் ஒரு சின்ன வேலை: வீட்டிலோ தெருவிலோ ஆன்லைனில் விற்கும் ஒருவரைப் பிடிங்க. பட்டு, செக்கு எண்ணெய், ஊறுகாய் எதுவானாலும் சரி. அவர் வாடிக்கையாளர்கள் வழக்கமாகக் கேட்கும் பத்துக் கேள்விகளை எழுதி வாங்குங்க. ஒவ்வொன்றுக்கும் அவர் சொல்லும் பதிலை அவர் வார்த்தையிலேயே ஒரு பக்கமாக ஏற்றிக் கொடுங்க. சர்ச் கன்சோலை இணைத்துவிட்டு, மூன்று மாதம் கழித்து எண்களைப் பாருங்க.