கண்ணாடிப் பிரதியும் காப்புப் பிரதியும்

இம்முறை மருந்தைப் பற்றியோ உணவைப் பற்றியோ அல்லாமல், மருத்துவ ஆவணங்களைக் கணினியில் பாதுகாப்பது பற்றி எழுதுகிறோம். இதற்குக் காரணமான நிகழ்வைக் குடும்பத்தாரின் இசைவுடன் முதலில் கூறிவிடுகிறோம்.

நீரிழிவு நோயுள்ள, அறுபது வயது கடந்த அம்மையார் ஒருவர், இடைவிடாத வாந்தியுடனும் சிறுநீர் குறைந்த நிலையிலும் எங்கள் சிறுநீரகப் பிரிவில் சேர்க்கப்பட்டார். இரத்தத்தில் கிரியேட்டினின் அளவு டெசிலிட்டருக்கு 5.2 மில்லிகிராமாக இருந்தது. இத்தகைய நிலையில் நாங்கள் முதலில் கேட்பது, "பழைய அளவு எவ்வளவு?" என்பதே. சில மாதங்களுக்கு முன்பு அது இயல்பாக இருந்திருப்பின், இது திடீர்ப் பாதிப்பு, மீண்டுவர வாய்ப்புண்டு. பல ஆண்டுகளாகவே உயர்ந்து வந்திருப்பின், இது நாள்பட்ட செயலிழப்பு. தொடர் டயாலிசிஸுக்கு ஆயத்தமாக வேண்டும். நாள்பட்ட நோயில் சிறுநீரகம் பெரும்பாலும் சுருங்கியிருக்கும். ஸ்கேன் அதைக் காட்டிவிடும். ஆனால் நீரிழிவு உள்ளவர்களுக்குச் சுருங்காமலும் இருக்கக்கூடும். ஆகவே, பழைய பரிசோதனை முடிவே எங்களுக்கு முதன்மையான சான்று.

"எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் வைத்திருந்தேன், டாக்டர். ஒன்றுக்கு இரண்டாக ஹார்ட் டிஸ்க் போட்டிருந்தேன். இரண்டிலும் இல்லை" என்றார் அவருடைய மகன். தட்டில் இடம் போதவில்லை என்று பழைய கோப்புகளை நீக்கியபோது, தாயாரின் கோப்புகளும் சேர்ந்து நீங்கிவிட்டன. கணினியில் இருக்கிறதே என்ற நம்பிக்கையில் மூலத்தாள்களையும் அவர் முன்பே கழித்துவிட்டிருந்தார். தட்டுகள் இரண்டும் பழுதின்றி இயங்கிக்கொண்டுதான் இருந்தன.

இரண்டு தட்டுகள் செய்வது என்ன?

அவர் பயன்படுத்தியது ‘மிரரிங்’ என்னும் கண்ணாடிப் பிரதி முறை. 1988ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கேட்ஸ் ஆகியோர், பல தட்டுகளை ஒன்றிணைக்கும் முறைகளை ‘ரெய்டு’ என்னும் பெயரில் வகைப்படுத்தினர். அவ்வகைப்பாட்டில் முதல் நிலை இதுவே. கணினி எழுதும் ஒவ்வொன்றும் இரண்டு தட்டுகளிலும் ஒருசேரப் பதியும். ஒரு டெராபைட் கொள்ளளவுள்ள இரண்டு தட்டுகளைப் பொருத்தினாலும் நமக்குக் கிடைப்பது ஒரு டெராபைட் இடம்தான். அதற்குக் கைம்மாறாக, ஒரு தட்டு பழுதானாலும் மற்றொன்றைக் கொண்டு வேலை தடையின்றி நடக்கும். பழுதானதை மாற்றிப் புதியதைப் பொருத்தினால், எஞ்சிய தட்டிலிருந்து அனைத்தும் அதில் மீண்டும் படியெடுக்கப்படும்.

நம் உடலிலுள்ள இரண்டு சிறுநீரகங்களை இதற்கு ஒப்பிடலாம். ஒன்றைத் தானம் செய்தவர் மற்றொன்றைக் கொண்டு நலமாக வாழ்கிறார். எனினும் இரண்டுக்கும் பாயும் இரத்தம் ஒன்றே. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் இரண்டும் சேர்ந்தே கெடும். அவ்வாறே, தட்டில் ஏற்படும் பழுதைக் கண்ணாடிப் பிரதி தாங்கும். தட்டுக்கு வரும் தவறான கட்டளையைத் தாங்காது. ‘நீக்கு’ என்று நாம் ஆணையிட்டால் இரண்டிலும் நீங்கும். கணினி வைரஸ் கோப்புகளைக் குலைத்தால் இரண்டிலும் குலையும். இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால், வெள்ளமோ தீயோ திருட்டோ நேரின் இரண்டும் ஒன்றாகவே போகும்.

மற்றோர் ஆபத்தும் உண்டு. ஒரு தட்டு செயலிழந்த பின்னும் கணினி வழக்கம்போல் இயங்குவதால், பலர் அதைக் கவனிப்பதில்லை. இரண்டாவதும் பழுதான பின்னரே உண்மை தெரியவரும். சிறுநீரக நோயும் இவ்வாறே ஓசையின்றி வளர்வதை நம் வாசகர்கள் அறிவார்கள்.

தனித்து நிற்கும் பிரதி

ஆகவே, கண்ணாடிப் பிரதி வேறு. காப்புப் பிரதி வேறு. அன்றாடக் கணினியிலிருந்து பிரிந்து, வேறிடத்தில், முந்தைய நாளின் நிலையை அப்படியே வைத்திருப்பதே காப்புப் பிரதி. 2022 நவம்பர் 23 அன்று புதுதில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் கணினிகள் இணையத் தாக்குதலுக்கு உள்ளாயின. அங்கே நோயாளிகளின் பதிவு உள்ளிட்ட பணிகளைக் கையால் எழுதி நடத்த நேர்ந்தது. பாதிப்புக்கு உள்ளாகாத ஒரு காப்புச் சேவையகத்திலிருந்து நோயாளிகளின் தரவுகள் மீட்கப்பட்டதாக மத்திய அரசு பின்னர் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அன்று கைகொடுத்தது தனித்து நின்ற பிரதியே.

எங்கள் நோயாளிக்கும் அப்படியொரு பிரதி கைகொடுத்தது. மதுரையிலிருக்கும் மகளுக்குச் செய்தி சொன்னபோது, நான்கு மாதங்களுக்கு முன் மருமகள் கைப்பேசியில் அனுப்பிய பரிசோதனைத் தாளின் படத்தை அவர் தேடியெடுத்து அனுப்பினார். அதில் கிரியேட்டினின் 1.0 என்றிருந்தது. எனவே, இது திடீர்ப் பாதிப்பு என்று தெளிந்தோம். மூட்டுவலிக்காக மருத்துவரைக் கேளாமல் ஆறு வாரம் உட்கொண்ட வலிநிவாரணி மாத்திரைகளே காரணம் என்பதும் விசாரித்தபோது தெரியவந்தது. மாத்திரைகளை நிறுத்தினோம், இரண்டு முறை மட்டும் டயாலிசிஸ் செய்தோம். மூன்று வாரங்களில் அளவு 1.3க்கு இறங்கியது. தொடர் டயாலிசிஸுக்காகக் கையில் ஃபிஸ்டுலா அறுவை செய்யும் தேவை எழவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியவை

முதலாவதாக, மூலத்தாள்களைக் கழித்துவிடாதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, திசுப் பரிசோதனை முடிவு, ஸ்டென்ட் அல்லது அறுவை சிகிச்சை விவரம், ஒவ்வாத மருந்துகளின் பட்டியல் ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். நலமாக இருந்த காலத்துப் பரிசோதனை முடிவுகளும் வேண்டும். நோயுற்ற நாளில் ஒப்பிட்டுப் பார்க்க அவையே உதவும். வெப்பத்தால் அச்சாகும் இசிஜி தாள் நாளடைவில் மங்கிவிடும். அதை உடனே நகல் எடுங்கள். லேமினேட் செய்தால் சூட்டில் கறுத்துவிடும்.

இரண்டாவதாக, மூன்று பிரதிகள் இருக்கட்டும். அவை இரண்டு வேறுபட்ட வகைகளில் அமையட்டும்; ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். தாள் கோப்பு, கணினி, வேறு ஊரில் நம்பிக்கைக்குரிய உறவினர் வசம் கடவுச்சொல் இட்ட ஒரு பென் டிரைவ் என்று வைத்துக்கொண்டால் போதுமானது. கணினியில் இரட்டைத் தட்டு இருப்பினும் அதை ஒரே பிரதியாகவே எண்ணுங்கள். பென் டிரைவைப் படியெடுத்தவுடன் கழற்றிவிடுங்கள்.

மூன்றாவதாக, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பிரதியையும் திறந்து, எழுத்து தெளிவாக இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். திறந்து பார்க்காத பிரதி இருக்கிறதா இல்லையா என்பது அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில்தான் தெரியவரும்.

அடுத்த முறை புறநோயாளர் பிரிவுக்கு வரும்போது, உங்கள் பழைய கோப்பையும் உடன் கொண்டு வாருங்கள். எவற்றைப் பேண வேண்டும் என்பதை நாமே சேர்ந்து பார்த்து முடிவு செய்யலாம்.