செவிமடுக்கும் தாய்

தமிழில் 'கேள்' என்னும் சொல்லுக்குச் செவிமடுத்தல், வினவுதல் என இரு பொருள்கள் உண்டு. இவ்விரண்டையும் தொழிலாகக் கொண்டவர் மருத்துவ உளவியலாளர். மனத்துயரால் வாடுவோர் கூறுவதைப் பொறுமையுடன் கேட்டு, தக்க வினாக்களை எழுப்பி, அவர்கள் அத்துயரைக் கடக்கத் துணைநிற்பது அவரது பணி. நம் நாட்டில் இப்பணியை மேற்கொள்வோர் உரிய பட்டம் பெற்று, இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்திருத்தல் வேண்டும்.

இத்தொழில் புரியும் பெண் ஒருவர் தாயாகவும் இருப்பின் அவரது நாள் எவ்வாறு கழியும்? புதுதில்லியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். தாய், மத்திய அரசு மருத்துவமனை ஒன்றில் மருத்துவ உளவியலாளர். தந்தை, அரசு அலுவலர். மகள், எட்டாம் வகுப்பு மாணவி. பாட்டியோ தஞ்சாவூரில் இருக்கிறார். அவரது அன்பு தொலைபேசி வழியாகவே வந்து சேர்கிறது.

பணிபுரியும் தாய்மாருக்குச் சட்டம் துணைநிற்கிறது. மத்திய அரசுப் பெண் ஊழியருக்கு 180 நாள் மகப்பேறு விடுப்பு உண்டு. பிள்ளைகள் 18 வயதை எட்டும்வரை, பணிக்காலம் முழுமைக்குமாக 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் உண்டு. 2017ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், தனியார் நிறுவனங்களில் பணிபுரிவோரின் மகப்பேறு விடுப்பை 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தியது. ஆயினும், அன்றாடம் மாலையில் உடன்வரும் களைப்பை விடுப்பு தீர்ப்பதில்லை.

ஒருவருடன் உரையாடும் ஓர் அமர்வு ஏறத்தாழ 50 நிமிடங்கள் நீளும். ஒரே நாளில் ஐவர், அறுவர் துயரைக் கேட்பது, நாள் முழுதும் சுமை தூக்குவதற்கு ஒப்பாகும். அச்சுமையை வீட்டில் இறக்கி வைக்கவும் இயலாது. நோயாளி கூறியவற்றை மறைவாகக் காத்தல் வேண்டும் என்பது தொழில்நெறி. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் அதனை நோயாளியின் உரிமையாக்கியுள்ளது. ஆகவே, மகள் தாயின் முகவாட்டத்தைக் காண்பாள். அதன் காரணத்தை அறியாள்.

ஒருமுறை மகளின் நெருங்கிய தோழி அவளுடன் பேசுவதை நிறுத்திவிட்டாள். அதனைத் தாயிடம் சொல்ல மகள் மூன்று மாலைகள் காத்திருந்தாள். மூன்று முறையும் "பிறகு, கண்ணே" என்பதே விடையாயிற்று. நான்காம் நாள் அவள் குரல் தழுதழுத்தது.

"அம்மா, அயலார் துன்பத்தைக் கேட்க நேரம் குறித்து வைத்திருக்கிறீர்கள். எனக்கு எந்த நேரத்தைக் குறித்திருக்கிறீர்கள்?"

தாய் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இதுவரை குறிக்கவில்லை. அது என் பிழை" என்றார்.

அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த தந்தை வந்தார். "பிழையில் எனக்கும் பங்கு உண்டு. இனி இரவு உணவு என் பொறுப்பு" என்றார்.

அன்று முதல் ஓர் ஒழுங்கு உருவாயிற்று. வீடு திரும்பியதும் தாய்க்கு அரைமணி நேரம் அமைதி. அதன்பின் அரைமணி நேரம் மகளுக்கு உரியது. கைபேசி அடுத்த அறையில் இருக்கும். முதல் நாள் தாய், "அப்போது உன் மனத்தில் என்ன தோன்றியது?" என்று தொடங்கினார். "மருத்துவமனையில் கேட்பதுபோல் கேட்காதீர்கள், அம்மா!" என்றாள் மகள். தாய் சிரித்துவிட்டார். தம் பிள்ளைக்குத் தாமே உளச்சிகிச்சை அளிப்பதை அத்தொழிலின் நெறியும் ஏற்பதில்லை. அவர் மகளின் கூந்தலைக் கோதியபடி, வெறும் தாயாக அமர்ந்து கேட்டார்.

இவ்வொழுங்கு எல்லா நாளும் நிறைவேறவில்லை. குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான இங்கிலாந்து அறிஞர் டொனால்ட் வின்னிகாட் (1896–1971), குழந்தைக்குக் குறையே இல்லாத தாய் தேவையில்லை என்றார். போதிய அளவு நல்ல தாயே போதும். தாயின் சிறு குறைகளைத் தாங்கிப் பழகியே குழந்தை தன் காலில் நிற்கக் கற்கிறது என்பது அவர் கருத்து. நேரமாகும் நாளில் இத்தாய் முன்னரே தொலைபேசியில் தெரிவித்துவிடுவார். சொல்லாமல் தவறுவதே மகளை வருத்தும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

சில திங்கள் கழிந்தன. ஒரு மாலை தாய் தளர்ந்து வந்து அமர்ந்தார். மகள் தேநீர்க் குவளையை அருகில் வைத்தாள். "இன்று களைப்பா, அம்மா?" என்று வினவினாள், விடை வரும்வரை காத்திருந்தாள்.

சொற்பொருள்
செவிமடுத்தல் – கவனத்துடன் கேட்டல்
அமர்வு – ஒருமுறை கூடி உரையாடும் காலம்
அயலார் – பிறர்
தழுதழுத்தல் – துயரால் குரல் தடுமாறுதல்
திங்கள் – மாதம்

வினாக்கள்
1. தாய் தம் பணிச்சுமையை வீட்டில் பகிர இயலாதது ஏன்?
2. "பிழையில் எனக்கும் பங்கு உண்டு" எனத் தந்தை கூறியதன் பொருள் யாது?
3. பாட்டி உடனிருந்தால் இவ்வீட்டின் மாலைப்பொழுது எவ்வாறு மாறியிருக்கும்? ஐந்து தொடர்களில் எழுதுக.

மொழிப்பயிற்சி
1. 'கேள்' என்னும் சொல்லை அதன் இரு பொருள்களிலும் அமைத்துத் தொடர்கள் எழுதுக.
2. பாடத்திலுள்ள தொழிற்பெயர்கள் மூன்றனை எடுத்தெழுதுக.

செயல்பாடு
உம் வீட்டில் பணிக்குச் செல்லும் ஒருவரிடம் அவரது நாள் எவ்வாறு கழிந்தது எனக் கேட்டு, அவர் இசைவுடன் அதனைத் தமிழில் எழுதி வருக.