சீம்பால் ஏன் கட்டியாகிறது?

கெடார் போன்ற ஊர்களில் பசு கன்று ஈன்றால், சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து இட்லிப் பானையில் வேகவைப்பார்கள். முட்டையும் மாவும் இல்லாமலே அது கட்டியாகிவிடும். சாதாரணப் பால் எவ்வளவு காய்ச்சினாலும் இப்படி ஆவதில்லை. ஏன்?

பசும்பாலில் புரதம் ஏறத்தாழ 3.3 சதவீதம், அதில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன். கேசீன் வெறும் வெப்பத்தால் எளிதில் உறையாது. முதல் நாள் சீம்பாலிலோ சுமார் 14 சதவீதம் புரதம் உண்டு. அதில் கணிசமான பங்கு நோய் எதிர்ப்புப் புரதங்கள். சுமார் 70 டிகிரி செல்சியசுக்கு மேல் இவை சுருள் அவிழ்ந்து, ஒன்றோடொன்று பின்னி வலையாகி, நீரைத் தம்முள் பிடித்துக்கொள்கின்றன. மூன்றாம் நாள் பால் ஏன் சரியாக உறைவதில்லை என்பது இப்போது விளங்கும்.

தீ மிகுந்தால் வலை இறுகும், நீர் பிதுங்கும், கட்டி ரப்பர்போல் ஆகும். ஆகவே சீம்பாலுடன் சாதாரணப் பால் கலந்து, சிறு தீயில் வேகவைக்க வேண்டும். மேல்நாட்டார் சீஸ்கேக்கை வெந்நீர்த் தட்டில் வைத்துச் சுடுவதும் இதற்காகவே.

ஆனால் முதல் பங்கு கன்றுக்கு! கருவில் இருக்கும்போது தாயின் எதிர்ப்புப் புரதங்கள் அதற்குக் கிடைப்பதில்லை. கன்றின் குடல் அவற்றைச் சிதைக்காமல் உறிஞ்சுவது பிறந்த முதல் 24 மணி நேரம்வரைதான். அத்திறனும் மணிக்கு மணி குறையும். 30 கிலோ கன்றுக்கு முதல் நாளில் சுமார் 3 லிட்டர் தேவை. நஞ்சுக்கொடி விழட்டும் என்று சிலர் காத்திருப்பார்கள். அது வேண்டாம், பிறந்த அரை மணிக்குள் ஊட்டத் தொடங்கலாம்.